அறுபத்திரண்டு கவடு

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு இருபது. கிணற்றை மூடிக்கொண்டிருக்கிறோம். வாயின் குறுக்கே பத்துப் பனங்குற்றிகள். மண் போடுவதுதான் மிச்சம். வடக்கே 'தும்' என்றது. ஏழு எண்ணினேன். முதல் எறிகணை குளக்கட்டில் விழுகிறது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

என் தம்பி யேசுதாசன் படுக்கவில்லை. மண்வெட்டியோடு நிற்கிறான்.

"அண்ணை, இன்னும் நாலு கூடைதான்!"

இரண்டாவதுக்கு ஐந்துதான் எண்ணினேன்.

தம்பி அங்கேயே முடிந்தான். எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மிச்ச மண்ணை அந்த வெடியே கொட்டி மூடியது.

ஏன் மூடினோம்? அயலூர்க் கிணறுகளில் பிணம் கிடந்தது. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் அந்த ஒரு கிணற்றில் மட்டும். வேறெங்கு தோண்டினாலும் உவர். ஊரை விட்டுப் போகிறோம்; திரும்பி வந்தால் குடிக்க வேண்டும். யார் கண்ணிலும் படாதபடி மூடினோம். பிழை அதுதான். அளவுக்கு மிஞ்சி நன்றாக மூடிவிட்டோம்.

ஊர் நறுவிலிமோட்டை. வடக்கே குளம். தெற்கே அந்தோனியார் கோயில். கிழக்கே நானாட்டான் பக்கத்து வயல்கள். மேற்கே இரண்டு மணி நேரம் நடந்தால் கடல். என் பாட்டனின் தகப்பன் காலத்தில் காடு வெட்டி உண்டான ஊர். இருபத்துமூன்று குடும்பம்.

போர் முடிந்தது. தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்தோம். வீடு இல்லை. கோயில் இல்லை. அதன் கல்லெல்லாம் யாருடைய காவலரணுக்கோ போயிருந்தது. வாசற்படி மட்டும் கிடந்தது. சுற்றிலும் பற்றைக்காடு.

காணிக்குப் பொறுப்பான அதிகாரி படத்தை விரித்தார்.

"இதில ஊர் எண்டு ஒண்டுமில்லை, ஐயா. காடு."

"படம் எப்ப கீறினது?"

"நீங்கள் போனாப் பிறகு."

முகத்தில் வெட்கமே இல்லை. வாசற்படியைக் காட்டினேன்.

"ஒரு கல்லு ஊராகுமோ? ஆக்கள் இருந்த இடமெண்டால் கிணறு இருக்கும். காட்டுங்கோ, எழுதிறன். வெள்ளிக்கிழமை வாறன்."

என் நாட்குறிப்பில் இருக்கிறது. மூடுவதற்கு முதல்நாள் எழுதியது. 'வாசற்படியிலிருந்து துருசை நோக்கி அறுபத்திரண்டு கவடு.' துருசு என்றால் குளத்து மதகு. கவடு என்றால் நான் எடுத்துவைக்கும் ஓர் அடி. நடந்து எண்ணியவன் நான். அந்தக் கால் இப்போது இல்லை. ஊன்றுகோலோடு மூன்றுமுறை நடந்தேன். மூன்று இடம் வந்தது. மூன்றையும் தோண்டினோம். வெறும் மண்.

என் மனைவி ரோசலி நாட்குறிப்பை வாங்கிப் பார்த்தாள்.

"உங்கட ரெண்டு கவடு எனக்கு மூண்டு. கலியாணம் முடிச்ச நாளில இருந்து பின்னால ஓடித்தானே திரியிறன். எனக்குத் தெரியாதே?"

நடந்தாள். தொண்ணூற்றுமூன்றில் நின்றாள். தோண்டினோம். ஒரு முழத்தில் பனங்குற்றி. இடுக்கால் கல்லைப் போட்டேன். இரண்டு எண்ணுவதற்குள் 'களக்'. ரோசலி முகத்தைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. பத்து நாற்பது. அதிகாரி எட்டிப் பார்த்தார். எழுதினார். எதிரே நின்று தலைகீழாக வாசித்தேன். 'காட்டினுள் பாழ்கிணறு ஒன்று.'

"யானை விழும். மூடிவிடுங்கோ."

"மூடின ஆள் செத்துப்போச்சு," என்றாள் ரோசலி. "உமக்கு மூடவேணுமெண்டால் மண்வெட்டியைப் பிடியும்."

அவர் வாகனத்தில் ஏறினார்.

இழந்ததை நான் எழுதி வைக்கிறேன். வீடு இருபத்துமூன்று. கோயில் ஒன்று. பழைய படத்தில் இருந்த ஊரின் பெயர் ஒன்று. கால் ஒன்று. யேசுதாசன், வயது முப்பத்தொன்று.

கிணற்றை இதில் சேர்க்கவில்லை. இன்று காலை ஆறு இருபதுக்கு ரோசலி அதில் முதல் வாளி அள்ளினாள். நாங்கள் மூடவில்லை.