தண்ணி காட்டியது யாருக்கு

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது இருபத்தொன்பது. இயற்பியலில் பட்டம் பெற்றவள். திருமணமானவள். பால் குடிக்கும் மகள் ஒருத்தி உண்டு. காவல் நிலைய எழுத்தர் வீட்டுக்குப் போய்விட்டபடியால், சப்-இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னதன் பேரில் இதை நானே என் கைப்பட எழுதுகிறேன். யாரும் மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள், சர்க்கரை அதிகம்.

குதிரையேற்றப் பள்ளி மாஸ்டர் என்மேல் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. பள்ளிக்குச் சொந்தமான செவலை நிறப் பெண் குதிரையை நெடுந்தூரச் சவாரியின் பாதியில் நான் ஓட்டிக்கொண்டு போய்விட்டதாகவும், "தண்ணி காட்டிட்டு வர்றேன்" என்று அவருக்கே திமிராகச் சொல்லியனுப்பியதாகவும் அதில் கண்டிருக்கிறது. சொல்லியனுப்பியது உண்மை. திருட்டு என்பது பொய்.

இன்று காலை மாஸ்டர், பல் டாக்டர் ஒருவர், நான் ஆக மூன்று பேர் பள்ளிக் கொட்டிலிலிருந்து புறப்பட்டோம். மாலைக்குள் ஆற்றங்கரை முகாமை அடைவது ஏற்பாடு. நான் எனக்குத் தந்த செவலையின் சேணத்தில் இரண்டு பக்கப் பைகளிலும் தண்ணீர்ப் பாட்டில்களைச் சம எடையாக வைத்தேன். கழுத்துவரை நிரப்பியிருந்தேன், குறையாக இருந்தால் குலுங்கும் சத்தத்துக்குக் குதிரை மிரளும். மடக்கு வாளி ஒன்றையும் பின்னால் கட்டினேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, சவாரிக்கு வர்றீங்களா, குழாயடிக்குப் போறீங்களா?" என்றார். பல் டாக்டர், "மாஸ்டர், இனிமே இவங்கள தண்ணி லாரின்னே கூப்பிடலாம்" என்றார். நானும் சிரித்தேன். பால் கொடுக்கும் உடம்புக்குத் தாகம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டில் அடுத்த அறைக்குப் போனாலும் பாட்டிலோடுதான் போவேன். என் கணவர் இதற்குச் சாட்சி.

அதன் பிறகு, வழியில் குதிரைகளுக்குத் தண்ணீர் எங்கே என்று மாஸ்டரிடம் கேட்டேன். ஆளையும் சுமந்து, தன் ஒரு நாள் தண்ணீரையும் சுமக்க எந்தக் குதிரையாலும் முடியாது என்பதால் கேட்டேன். "பாதி வழியில தொட்டி இருக்கு. நான் பார்க்காத தொட்டியா?" என்றார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பதற்குள் சேணத்தில் ஏறிவிட்டார்.

அதன் பிறகு உச்சி வெயில் வரை நிற்காமல் போனோம். நான் வலப்பக்கப் பாட்டிலில் ஒரு வாய் குடித்தால் அடுத்த வாய் இடப்பக்கத்தில் குடித்தேன்; ஒரே பக்கம் காலியானால் சேணம் சாயும். பல் டாக்டர் முதுகில் மாட்டி வந்த ஒற்றைப் பாட்டிலை வெயில் ஏறுமுன்பே குடித்துத் தீர்த்திருந்தார். அதன் பிறகு தொட்டி வந்தது. உள்ளே சருகும் ஒரு செருப்பும் கிடந்தன.

மாஸ்டர், "முகாம்ல ஆறே ஓடுது. தட்டி ஓட்டுங்க" என்றார். நான் இறங்கிப் பார்த்தேன். மற்ற இரண்டு குதிரைகளும் வியர்த்துக்கொண்டிருந்தன. செவலைக்கு வியர்வை நின்றுபோயிருந்தது. அதன் தோள் தோலைக் கிள்ளிவிட்டேன். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. என் மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று குழந்தை மருத்துவர் அவள் வயிற்றில் இப்படித்தான் கிள்ளிப் பார்த்தார். அந்தத் தோல் திரும்பப் படிய எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"மாஸ்டர், இது இனிமே நடக்காது" என்றேன். "எனக்கே பாடம் நடத்தாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். பின்னால் நின்ற பல் டாக்டரிடம் நிரம்பிய பாட்டில் ஒன்றைக் கொடுத்து, "தண்ணி காட்டிட்டு வர்றேன்னு மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன். அவரும் இப்போது நிலையத்தில் இருக்கிறார். நான் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னதாகச் சொல்கிறார். நம்புகிறேன். அவர் பல்லைப் பார்க்கிறவர். நாக்கு விஷயத்துக்கு அவர் பொறுப்பில்லை.

அதன் பிறகு எனக்கென ஒரு பாட்டிலை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியை வாளியில் ஊற்றிச் செவலைக்குக் கொடுத்தேன். நான் மயங்கி விழுந்தால் குதிரையைப் பிடிக்க ஆளில்லை என்பதால் நிறுத்திக்கொண்டேன். அதன் பிறகு அதைக் கையில் பிடித்து நடத்தி, தூரத்தில் தெரிந்த நெடுஞ்சாலையைச் சேர்ந்தேன். அங்கே லாரி கழுவும் பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் குழாயும் கையுமாக வந்து, "இங்க லாரி மட்டுந்தாம்மா கழுவுவோம்" என்றார்.

"நான்தாண்ணே லாரி. இது குதிரை. குடிக்கக் குடுத்தா போதும்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குழாயை வாளிக்குள் விட்டார். செவலை தலையைத் தூக்கவே இல்லை. அதன் பிறகு கொட்டகை நிழலில் அதைக் கட்டி, முதுகில் ஈரச் சாக்கு போட்டேன். மாஸ்டரின் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. இருக்கும் இடத்தைக் கணவருக்கு மட்டும் சொன்னேன். நீங்கள் அவரிடம் விசாரித்து அனுப்பிய ஜீப் வந்தபோது செவலை அங்கேயேதான் நின்றது. ஓடி ஒளிகிறவள் லாரிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் குதிரையைக் கட்டமாட்டாள்.

இங்கே வந்த பிறகு சப்-இன்ஸ்பெக்டர் அம்மா மாஸ்டரிடம், "அவங்க உங்களுக்குத் தண்ணி காட்டினாங்க, சரி. நீங்க குதிரைக்கு எப்ப சார் காட்டினீங்க?" என்று கேட்டார். மாஸ்டரோ செவலையை இப்போதே வண்டியில் ஏற்றிப்போவதாகச் சொல்கிறார். கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும்வரை அதைப் பட்டறையிலிருந்து நகர்த்த அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்மேல் வழக்குப் பதிந்தாலும் இதை மறுக்க வேண்டாம். வெளி பெஞ்சில் என் கணவர் மகளோடு காத்திருக்கிறார். அவள் சிணுங்குவது கேட்கிறது. அவர் கையில் ஒரு பாட்டில் இருக்கிறது, அது எனக்கு.

எழுதியதை நானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். நடந்தது இவ்வளவுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தண்ணி காட்டினேன் என்று வரும் இடத்திலெல்லாம் குதிரைக்கு என்று படித்துக்கொள்ளவும். ஒரே ஓர் இடத்தில் மாஸ்டருக்கும் என்று யாராவது படித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

(கையொப்பம்)