வீட்ல தங்காத கால்

இல்ல தங்கச்சி, காலையில மாத்திரை எதுவும் போடல. நேத்தும் இல்ல. வெறும் வயிறுதான். காய்ச்சல், சளி ஒண்ணும் கெடையாது. அப்படிப் பாக்காத, நீ அடுத்து கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான். அன்னிக்கு ரத்தம் குடுக்க இதே மாதிரி ஒரு ஜன்னல் முன்னாடிதான் நின்னேன். ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல.

நாலு வருஷம் இருக்கும். பொழுது சாஞ்சா போதும், கெண்டைக்காலுக்குள்ள என்னமோ ஊர ஆரம்பிச்சுரும். வலியா? வலின்னா வலின்னு சொல்லிட்டுப் போயிரலாமே. இது பேரில்லாத இம்சை. எந்திரிச்சு நடந்தா அடங்கும், உக்காந்தா திரும்ப வரும். தையல் கம்பெனில பகல் முழுக்க மிஷின்ல இருப்பேன், ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்கடான்னு உக்காந்தாத்தான் தொல்ல. மாமியார் என்ன சொல்லும் தெரியுமா? மகாராணி காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்னு. சரின்னு எந்திரிச்சுத் தெருவுல நாலு நட நடந்தா, வீட்ல கால் தங்காதவன்னு பேரு. ஒரே காலுக்கு ரெண்டு பழி.

வீட்டுக்காரர்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன், என் புத்திய என்னத்தச் சொல்ல. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதி, ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பாத்துட்டு வரச் சொன்னாரு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ரிப்போர்ட் நல்லா வரட்டுமேன்னு அன்னிக்குக் காலையில ரெண்டு மாத்திரையா முழுங்கிட்டுப் போனேன். சிரி சிரி, பரவால்ல. முழுங்குனது அப்படியே ரத்தத்துல மெதக்குது, தாள்ல இரும்பு எக்கச்சக்கம். அந்த டாக்டர் தல நிமிராமலே, உனக்கு ஒரு குறையும் இல்லம்மா, எல்லாம் மனப்பிரமைன்னு மாத்திரைய நிறுத்திட்டாரு.

வீட்டுக்காரர் விவாகரத்து கேட்டப்ப அந்த ஒரு தாள்தான் கோர்ட்டு வரைக்கும் வந்துச்சு. வியாதியே இல்லன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அப்புறம் சாயங்காலமானா இவளுக்குத் தெருவுல என்ன வேலன்னு வீட்டுக்காரரோட வக்கீல் கேட்டாரு. பெஞ்சுல உக்காந்திருந்த என் கால் அப்பவும் சும்மா இருக்கல. மடியில கனம், அதான் ஆடுதுன்னாரு. பிள்ள அப்பாகிட்ட இருக்கட்டும்னு தீர்ப்பாயிருச்சு.

அதுக்கப்புறம் வேற ஒரு டாக்டரம்மாதான் வெளக்குனாங்க. மாத்திரை போட்ட கையோட பாக்குற இரும்பு, குழாயில அந்த நேரத்துக்கு வர்ற தண்ணி மாதிரியாம். தொட்டில எவ்வளவு இருக்குன்னு அது சொல்லாது. தொட்டிய அளக்குறதுக்குப் பேருதான் ஃபெரிட்டின். அதுவும் காய்ச்சல் கீச்சல் இருந்தா பொய்யா ஏறிக் காட்டும். எனக்குத் தொட்டி வறண்டு கெடந்துச்சு, அதான் காலுக்குள்ள அப்படி ஊருச்சாம். போட்ட மாத்திரையவும் டீயோட சேத்து முழுங்கி வீணாக்கியிருக்கேன். ஊசி வழியா இரும்பு ஏத்துனாங்க, இப்ப முக்கால்வாசி தேவல. ஒரு நாள் மாத்திரைய நிறுத்திட்டு வாங்கன்னு அன்னிக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா? வயிறு எரியுது தங்கச்சி. உன்மேல இல்ல.

எதுக்கு இவ்வளவு கதையா? சீட்டுல ஃபெரிட்டின் இருக்கான்னு ஒருவாட்டி பாத்துக்கோ, அதுக்குத்தான். இருக்கா? சரி. பேரு அதுலயே இருக்கு. வயசா? பதினொண்ணு.

என்னை ஏன் பாக்குற, எனக்கில்ல. அந்தா, வராண்டாவுல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்குதே, பச்சப் பைய மாட்டிக்கிட்டு, அதுக்கு. உக்காருன்னா உக்கார மாட்டேங்குது. உக்காந்து காலாட்டினா அடி விழும்னு அப்பா வீட்ல பழகியிருச்சு. போன வாரம் அவரே கொண்டாந்து என் வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போனாரு. இதுக்கும் வீட்ல கால் தங்கலயாம். உன் ரத்தம், நீயே வெச்சுக்கோன்னாரு.

வாழ்க்கையில ஒரே ஒரு உண்ம சொல்லியிருக்காரு. கூப்பிடட்டுமா? மெதுவாக் குத்து தங்கச்சி.