பட்டியலில் இல்லாத டாக்டர்

இளையவள்: செத்துட்டாராம்.

மூத்தவள்: யாரு?

இளையவள்: நாலாவது நம்பர் டாக்டர். மூணு வருஷம் ஆச்சாம். அவரு சம்சாரம்தான் போனை எடுத்தாங்க.

மூத்தவள்: அடப்பாவமே. உடனே வச்சிட்டியா?

இளையவள்: எப்படிக்கா வைக்கிறது? அழுதாங்க. கால் மணி நேரம் ஆறுதல் சொல்லிட்டு வர்றேன்.

மூத்தவள்: மனநல டாக்டரைத் தேடப் போயி நீயே ஆயிட்டியா...

இளையவள்: சிரிக்காதீங்க. இது உங்க இன்சூரன்ஸ் ஆபீஸ் லிஸ்ட். டாக்டருங்க பேரை ஏத்துறதே உங்க வேலை. செத்தவரை எடுக்க மாட்டீங்களா?

மூத்தவள்: அவரே வந்து ஃபாரம் எழுதிக் குடுத்தா எடுப்போம்.

இளையவள்: யாரு, செத்தவரா?

மூத்தவள்: விதி அப்படித்தான் இருக்கு. கத்தாத. வாஷிங் மெஷின் ஓடுற வரைக்கும்தான் நமக்கு ரகசியம். நின்னுடுச்சுன்னா அத்தையோட காது வந்து இந்தக் கதவுல ஒட்டிக்கும்.

இளையவள்: அவங்க டிவி பாக்குறாங்க.

மூத்தவள்: கண்ணு டிவியில இருக்கும். காது நம்ம மேலதான். இந்த வீட்டுக்கு உனக்கு முன்னாடி ஆறு வருஷம் மருமகளா இருந்தவ சொல்றேன், கேட்டுக்கோ. அடுத்த நம்பரைப் போடு. ஸ்பீக்கர்ல வை.

இளையவள்: ஹலோ... மனநல டாக்டருங்களா?

ஆண் குரல்: இது டைல்ஸ் கடைம்மா.

இளையவள்: மன்னிச்சிடுங்க, தப்பா...

ஆண் குரல்: தப்பெல்லாம் இல்ல. இந்த வாரத்துல நீங்க ஒன்பதாவது ஆளு. சொல்லுங்க, என்ன பிரச்சனை? தூக்கமா, துக்கமா?

இளையவள்: ஐயோ, வேணாங்க...

ஆண் குரல்: கூச்சப்படாதீங்க. நேத்து ஒருத்தருக்கு ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில பாத்ரூமுக்கு முப்பது சதுர அடி டைல்ஸ் வாங்கிட்டுப் போனாரு. முகமே தெளிஞ்சிருச்சு.

மூத்தவள்: வைடி, வைடி!

இளையவள்: நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அழுகையா வருது. கடைசி மூணு பேருக்கும் நேத்தே போட்டுட்டேன். ஆறாவது ஆளு பன்னெண்டு வயசுக்குக் கீழதான் பாப்பாராம். ஏழாவது ஆளு ஏழு மாசம் கழிச்சு வரச் சொல்றாரு.

மூத்தவள்: ஏழு மாசமா? அதுக்குள்ள ஒரு புள்ளையே பெத்துக்கலாம்.

இளையவள்: எட்டாவது ஆளு பகல் பதினோரு மணிக்கு மட்டும்தான். அந்த நேரத்துல நான் ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டு இருப்பேன்.

மூத்தவள்: சரி... இவ்வளவு அவசரம் என்னடி? கொஞ்சம் டென்ஷன்னு சொன்ன. ரெண்டு நாள் லீவு போடு, தம்பியைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிட்டு வா.

இளையவள்: உங்க கொழுந்தனைக் கூட்டிக்கிட்டுப் போனா டென்ஷன் கூடத்தான் செய்யும்.

மூத்தவள்: அதுவும் சரிதான்.

இளையவள்: டென்ஷன் இல்லக்கா. நான்... எண்ணுறேன்.

மூத்தவள்: எதை?

இளையவள்: சீட்டை. வேன்ல பதினாறு சீட்டு. எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, வண்டியை ஷெட்ல போட்டுட்டு எண்ணுவேன். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் கையை விட்டுப் பாப்பேன். பூட்டிட்டு கேட்டு வரைக்கும் வருவேன். திரும்பப் போயி எண்ணுவேன்.

மூத்தவள்: எத்தனை தடவை?

இளையவள்: முன்னாடியெல்லாம் மூணு. இப்ப... பதினொண்ணு.

மூத்தவள்: எப்பலேருந்து?

இளையவள்: அன்னிக்கு வேன்ல ஒரு குட்டிப் பாப்பா தூங்கிப் போச்சுன்னு சொன்னேன்ல? பின் சீட்டுக்கு அடியில சுருண்டு கெடந்துச்சு. நான் பாக்காம பூட்டிட்டுப் போயிட்டேன். பத்தே நிமிஷம். டிபன் பாக்ஸை மறந்துட்டேன்னு திரும்பி வந்ததால பாத்தேன். அது கண்ணைக் கசக்கிக்கிட்டு எழுந்து, "வீடு வந்துருச்சா ஆன்ட்டி"ன்னு கேட்டுச்சு.

மூத்தவள்: ஒண்ணும் ஆகலையே?

இளையவள்: அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான்... டிபன் பாக்ஸை மறக்காம இருந்திருந்தா?

மூத்தவள்: ஏய்... இங்க வா. இந்தா, துண்டுல மூஞ்சியைத் தொடை. அது அத்தை துண்டு. பரவாயில்ல, தொடை.

இளையவள்: செவ்வாய்க்கிழமை சிக்னல்ல வண்டியை நிறுத்திட்டு இறங்கிப் போயி எண்ணினேன். பச்சை விழுந்துருச்சு. பின்னாடி அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்குது. ஒரு பொண்ணு சொல்லுது, "ஆன்ட்டி, நாங்க எல்லாரும் இருக்கோம், நீங்கதான் வெளிய நிக்கிறீங்க."

மூத்தவள்: ஆபீஸ்ல தெரிஞ்சு போச்சா?

இளையவள்: தெரியாம இருக்குமா? வர்ற வெள்ளிக்குள்ள மனநல டாக்டரைப் பாத்ததுக்கு சர்டிபிகேட் கொண்டு வா, இல்லன்னா சாவியை வச்சிட்டுப் போன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இன்சூரன்ஸ் கார்டுல வராத டாக்டருன்னா ஒரு தடவைக்கே என் பாதி சம்பளம். அந்த வேன் போச்சுன்னா நான் இந்த வீட்டுலயே உக்காந்து எதை எண்ணுவேன், சொல்லுங்க?

மூத்தவள்: அத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பெருமூச்சு விடுறாங்கன்னு எண்ணலாம்.

இளையவள்: அக்கா!

மூத்தவள்: சரி, சரி. தம்பி என்ன சொல்றான்?

இளையவள்: "எண்ணுறது நல்ல பழக்கம்தானே"ன்னாரு.

மூத்தவள்: அண்ணன் தம்பி ரெண்டும் ஒரே அச்சு. போகட்டும், ஒன்பதாவது நம்பர்...

இளையவள்: லிஸ்ட்டே எட்டோட முடிஞ்சிருச்சு. ஆனா இதைப் பாருங்க. போன வருஷத்துப் புத்தகம். அலமாரி அடியில பேப்பரோட பேப்பரா கெடந்துச்சு.

மூத்தவள்: அதை எதுக்கு எடுத்த? பழசு.

இளையவள்: இதுல ஒன்பது பேர் இருக்காங்க. ஒருத்தரு இந்த வருஷம் காணாமப் போயிருக்காரு. தபால் ஆபீஸுக்குப் பின்னாடித் தெரு.

மூத்தவள்: அவரு விலகிட்டாரு.

இளையவள்: பேரைப் பாக்காமலே சொல்றீங்க!

மூத்தவள்: ஒன்பதுல ஒண்ணு குறைஞ்சா யாருன்னு எனக்குத் தெரியாதா? என் வேலைதானே.

இளையவள்: போட்டுத்தான் பாப்போமே.

மூத்தவள்: வேணாம்டி. அவரு உனக்குச் சரிப்பட மாட்டாரு. பேசவே மாட்டாராம். நாம முடிக்கிற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பாராம். நடுவுல அழுதாலும் கடிகாரத்தைப் பாக்க மாட்டாராம்.

இளையவள்: அது நல்லதுதானேக்கா?

மூத்தவள்: ...ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க.

இளையவள்: செத்தவருக்கே போன் போட்டாச்சு. இவருக்குப் போட்டா என்ன குறைஞ்சிடும்? ...மணி அடிக்குது.

மூத்தவள்: வையேன்டி... மெஷின் வேற நிக்கப் போகுது...

பெண் குரல்: வணக்கம், டாக்டர் கிளினிக்.

இளையவள்: அம்மா, உயிரோட இருக்காருங்களா?

பெண் குரல்: யாரு?

இளையவள்: டாக்டர்.

பெண் குரல்: இருக்காரும்மா. செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காரு.

இளையவள்: எங்க வீட்டுக்காரரோட ஃபேக்டரி குடும்பக் கார்டு வச்சிருக்கோம். அந்த இன்சூரன்ஸை எடுத்துக்குவீங்களா?

பெண் குரல்: தாராளமா எடுத்துக்குவோம். ஆனா பதினோரு மாசமா அந்தக் கார்டுல புதுசா ஒருத்தர் கூட வரல. எங்க பேரை லிஸ்டுலேருந்து யாரோ அடிச்சிட்டாங்க. நாலு கடிதாசி போட்டோம். பதில் இல்ல.

இளையவள்: நாலு கடிதாசியா? அக்கா, கேட்டீங்களா?

மூத்தவள்: ம்.

இளையவள்: எனக்கு வெள்ளிக்குள்ள பாக்கணும்மா. சாயங்காலம் மட்டும்தான் வர முடியும்.

பெண் குரல்: புதன்கிழமை நாலரைக்கு... இல்ல, இருங்க. நாலே முக்காலுக்கு வாங்க. கண்டிப்பா அதுக்கு முன்னாடி வந்துடாதீங்க.

இளையவள்: நாலே முக்கால்னா அஞ்சரை மணி டியூஷன் புள்ளைங்களை ஏத்த முடியாதே. நாலரைக்கே போட்டுடுங்களேன்.

பெண் குரல்: நாலு மணிக்கு ஒருத்தங்க வருவாங்க. அவங்க வெளிய வர்றப்ப எதிர்ல யாரும் உக்காந்திருக்கக் கூடாதுன்னு கேட்டிருக்காங்க. இங்க இருக்கிறதே ரெண்டு நாற்காலி. அதான் நடுவுல கால் மணி நேரம் விடுறோம்.

இளையவள்: அப்படி என்ன பெரிய மகாராணி அவங்க? ஊருல இருக்கிற மத்தவங்களுக்கெல்லாம் மனசு இல்லையா? வேற நாளாச்சும்...

பெண் குரல்: திங்கள், செவ்வாய் நேரமே இல்ல. வியாழன், வெள்ளி டாக்டர் ஊர்ல இல்லம்மா. அடுத்த வாரம்னா...

இளையவள்: அடுத்த வாரம் சாவி என்கிட்ட இருக்காது. பரவாயில்லம்மா... வச்சிடுறேன்.

மூத்தவள்: போனைக் குடு.

இளையவள்: விடுங்கக்கா, ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்.

மூத்தவள்: குடுடி இங்க! ...ஹலோ. நாலரைக்கே பேரை எழுதிக்கோங்க. நாலு மணி ஆளு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க... எனக்கு எப்படித் தெரியும்னா, அது நான்தான். என் குரல் கூடவா தெரியல உங்களுக்கு? ...ஆமா, லிஸ்டுல உங்க டாக்டர் பேரை அடிச்சதும் நான்தான். தெரிஞ்சவங்க யாராவது வந்து அந்த இன்னொரு நாற்காலியில உக்காந்துடுவாங்களோன்னு பயம். திங்கக்கிழமை காலையில முதல் வேலையா திரும்ப ஏத்திடுறேன், டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். ...இல்லம்மா, இவ வந்து உக்காரட்டும். எங்க வீட்டுப் பொண்ணுதான்.