ஆதிமூலத்தோட வெறவும் உங்க ஜவ்வும்

இல்லம்மா, ஊர்ல சாராயக் கம்பெனின்னு சொல்றாங்க, அதத்தான் நானும் சொன்னேன். கோவிச்சுக்காத. பெட்ரோல்ல கலக்கறதுன்னா சரி. கழுத்துல அட்டையப் பாத்ததுமே நீ அந்தக் கம்பெனி இஞ்சினியருன்னு தெரிஞ்சிபோச்சு. இப்டி ஜன்னலோரம் நவுந்துக்க. அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸு, வளத்தி ஸ்டாப்புல ஏறுற கூட்டம் நம்ம மடிமேலதான் உக்காரும்.

அந்த ஜவ்வு சமாச்சாரத்த இன்னொரு தபா சொல்லு. நொய்யரிசியப் புளிக்கவெச்சு, காச்சி ஸ்பிரிட்டு எடுக்கறீங்க. அதுல கடேசியா கொஞ்சூண்டு தண்ணி ஒட்டிக்கினே இருக்குது. என்னா காச்சினாலும் லேசுல பிரியாது. ம். அந்தக் கொஞ்சூண்டுக்காக முன்னல்லாம் பாய்லரப் போட்டு எரிச்சீங்க. இப்ப ஜவ்வு வழியா வுட்டா தண்ணி மட்டும் நழுவிப் போய்டுது, ஸ்பிரிட்டு நின்னுடுது. வெறவு பாதிகூட வேணாம். அப்டித்தான? கெட்டிக்காரி.

அந்த வெறவு குடுத்தது ஆதிமூலம். ஆமா, சவுக்கு லோடு ஏத்திக்கினு வருவானே, அவனேதான். என் சம்சாரத்துக்கு அண்ணன். எதுத்த வூடு. நல்ல மனுசனா? உங்கிட்ட நல்லாத்தான் பேசுவான்.

என் பொண்ணு ஜெயசுதா கல்யாணத்துல, பந்தியில உக்காந்துக்கினு, மாப்ள வூட்டாரு காதுல வுழறாப்ல, சாம்பார்ல வெறும் தண்ணிதான் ஓடுதுன்னான். அன்னிக்கி நின்னது பேச்சு. தண்ணி ஓடிச்சாவா? அது வேற விசயம். கூட்டம் ஜாஸ்தி, சமையக்காரன் ஊத்திட்டான். தாய்மாமன் சொல்லலாமா அத?

அதுலேர்ந்து அமாவாசை தவறாம மேல்மலையனூர் போறேன். எலுமிச்சம்பழத்துல கற்பூரம் ஏத்தி, அங்காளம்மா, அவன் பொழப்புல மண்ணு வுழணும்னு கேப்பேன். அவ காதுலயே வாங்கல. அவன் இன்னொரு லாரி வாங்கினான். பாரு, அவ பண்ணாதத உங்க ஜவ்வு பண்ணிடிச்சு. சாம்பார்ல தண்ணி கண்டுபுடிச்சவன ஸ்பிரிட்டுத் தண்ணி கவுத்துடிச்சு. சிரி, சிரி, எனக்கும் சிரிப்புதான். உங்க கம்பெனி அவன் லோட நிறுத்தின அன்னிக்கி வூட்ல வடை சுடச் சொன்னேன். அவ சுடல. அண்ணனாச்சே.

இன்னிக்கா? நேத்திக்கடன் செலுத்தவெல்லாம் போவல. வேண்டினத வாபஸ் வாங்கத்தான் போறேன். லாரி ரெண்டையும் வித்துட்டான். வூட்ட வாங்கறதுக்கு ஆளு வந்து அளந்துட்டுப் போயிருக்குது. ஓசூர்ல மவன்கிட்ட பூடறானாம். என் சம்சாரத்துக்கு சோறு எறங்கல. எனக்கு இன்னா, போறவன் போவட்டும்.

அந்த ஜவ்வு ரிப்பேர் கிப்பேர் ஆவாதா? ஒரு ரெண்டு மாசத்துக்குக் கூடவா? சும்மாதான் கேட்டேன்.

அது இன்னான்னா, காலையில பல்லு வெளக்க நான் வாசலுக்கு வருவேன், அவனும் சரியா அந்நேரத்துக்கு வருவான். நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். அவனும் திருப்பிக்குவான். நாளைக்கி எதுத்தாப்ல பூட்டு தொங்கிச்சின்னா, நான் யாரப் பாத்தும்மா மூஞ்சியத் திருப்பறது?