அடுக்குகள் கலையாமல்

எனக்கு நீச்சல் தெரியாது. பாதி ஆயுளை ஒரு ஏரியின் மேலேயே கழித்தவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் தங்கையின் கணவர் ரொம்பவே சிரித்திருக்கிறார். "மச்சான், நீங்க மேல குடியிருக்கீங்க, கீழ என்ன நடக்குதுன்னு என்னைத்தான் விசாரிக்கிறீங்க" என்பார். அது உண்மைதான். ஏரியின் அடியை நான் அவர் கண்ணால்தான் பார்த்தேன்.

நீச்சல் தெரியாததை மட்டும் ஒரு காரணமாக எழுதிக்கொள்ளாதீர்கள். இரக்கப்பட்டுச் செய்வீர்கள் என்று தெரியும். ஆனால் அன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்ட வேலைக்கு நீச்சல் தேவைப்படவில்லை.

எங்கள் வேலை என்ன என்று நேற்று கேட்டீர்கள். களைப்பில் சரியாகச் சொல்லவில்லை. மனிதன் கைபட்டு இந்தப் பூமியே வேறாகிப்போன காலம் ஒன்று இருக்கிறது. நாம் அதற்குள்தான் இருக்கிறோம். அது எப்போது தொடங்கியது என்பதுதான் கேள்வி. ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கலப்பை என்பார் ஒருவர், கப்பல் என்பார் இன்னொருவர். இதை முடிவு செய்யப் பல நாட்டு ஆட்கள் கொண்ட ஒரு குழு இருக்கிறது. அவர்கள் வாய்ப்பேச்சை நம்ப மாட்டார்கள். பூமியில் ஏதாவது ஓர் இடத்தில், ஒரே ஒரு கோடாக, யார் வந்தாலும் விரலை வைத்து "இதோ, இங்கே" என்று காட்டும்படி அந்தத் தொடக்கம் தெரிய வேண்டும். அந்த இடம் கலையாமலும் இருக்க வேண்டும்.

எங்கள் ஏரியில் அப்படி ஓர் இடம் இருந்தது. நடுவில் பத்து ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதன் அடியில் காற்றில்லை. புழு பூச்சி கிடையாது, மீன் இறங்காது. அதனால் வருடா வருடம் விழுகிற சேறு, வெயில் காலத்தில் வெளுப்பாகவும் குளிர் காலத்தில் கறுப்பாகவும், மடித்து வைத்த துணி போல அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும். அந்த அடுக்குகளில் ஓர் இடத்தில் புகைக்கரி திடீரென்று தடிக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளின் தூசும் அங்கேதான் வந்து சேர்கிறது. என் கோடு அதுதான். அந்தக் கோட்டுக்காக நான் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை என்று தங்கை சொல்வாள். அது முழு உண்மை இல்லை, ஆனால் பாதிக்கு மேல் உண்மை.

மாப்பிள்ளைக்கு என் கோட்டில் நம்பிக்கை இல்லை. "காட்டுக்கு மொதல்ல தீ வச்சவனை விட்டுட்டு, அவன் பேரப்பிள்ளையைப் போய்ப் பிடிக்கிறீங்களே மச்சான்" என்பார். சாப்பிடும்போது இது தொடங்கினால் கை காய்ந்துபோகும். தங்கை இடையில் புகுந்து, "யுகமா? எங்க வீட்டுல சாப்பாடு ஆறிப்போற யுகம் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குச் சேந்தன்னைக்கு ஆரம்பிச்சுது. இதுக்கு எந்தக் குழுவும் வேணாம்" என்பாள். நாங்கள் மூவரும் சிரிப்போம். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

குழு ஏரிக்கு வந்து, தன் கையாலேயே சேறு எடுத்துப் பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. பள்ளத்தின் அடியில் எங்கள் பழைய இரும்பு முக்காலி ஒன்று நின்றுகொண்டிருந்தது, அதில் ஓர் அளவுக் கருவி. குழு வருவதற்குள் கருவியை மட்டும் கழற்றி மேலே கொண்டுவர வேண்டும், முக்காலியை அசைக்கக் கூடாது. அன்று மாப்பிள்ளையுடன் கூட இறங்க வேண்டியவருக்குக் காய்ச்சல். தங்கை வாசலில் நின்று, "தனியா இறங்க வேணாம், அவர் எந்திரிச்சு வரட்டும்" என்றாள். நான்தான் நாள் இல்லை என்றேன். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன் மொகம் போற போக்கைப் பாத்தியா? கழட்டிட்டு வந்துடறேன் விடு" என்று கிளம்பினார்.

ஆளுக்கொரு படகில் போய், பள்ளத்துக்கு மேலே நங்கூரமிட்டு நிறுத்தியிருந்த எங்கள் மிதவையில் ஏறினோம். போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் போதும் என்று, கத்தியை மிதவையிலேயே வைத்துவிட்டு, முதுகில் காற்று உருளையோடு இறங்கினார். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில். விடாமல் இழுத்தால் மேலே தூக்கு என்று அர்த்தம். எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கயிறு விடாமல் இழுபட்டது.

நான் தூக்க ஆரம்பித்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், முதலில் நான் தூக்கத்தான் செய்தேன். ஆனால் வந்த கனம் ஓர் ஆளின் கனம் இல்லை. அவருடைய எடை எனக்குத் தெரியும். முக்காலியில் கட்டியிருந்த நைலான் வடம் அவர் காலில் சிக்கியிருக்கிறது, அவரை இழுத்தால் முக்காலியும் சாய்ந்து சேற்றின் மேல் இழுபட்டுக்கொண்டு வரும் என்று புரிந்தது. பள்ளம் பெரியதல்ல. உழுத வயல் மாதிரி ஆகியிருக்கும்.

நான் நிறுத்தினேன். அவர் சாமர்த்தியசாலி, தானாகவே காலை விடுவித்துக்கொள்வார் என்று நினைத்துக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன். கயிறு மறுபடி இழுபட்டது. கத்தியை ஒரு நூலில் கட்டி இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. கையில்கூட எடுத்தேன். ஆனால் அவர் கைக்குப் போகாமல் நழுவி, நேராகப் போய் சேற்றில் குத்தி நின்றால் என்ன செய்வது? அதனால் திருப்பி வைத்துவிட்டேன்.

காற்றுக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுப்பது என் சுபாவம் இல்லை. பிறகு குமிழிகள் வரவில்லை. கயிறு என் கையில் வெறும் கயிறாகக் கிடந்தது.

மிச்சம் எல்லாம் நிர்வாகம். கயிற்றின் முனையை விட்டேன், அது சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று. அவருடைய படகை என் படகின் பின்னால் கட்டி இழுத்துப் போய், ஏரியின் மறுகோடியில் கோரைப்புல் மண்டிய மூலையில் கவிழ்த்து விட்டேன். துணைக்கு ஆள் இல்லாததால் பள்ளத்து வேலையைத் தள்ளிப்போட்டோம், அவர் கரையோரச் சேறு எடுக்க அங்கே தனியாகப் போனார் என்று சொன்னேன். மீட்பு ஆட்கள் வந்து அந்த மூலையில் நாள் கணக்கில் பாதாளக் கரண்டி போட்டுத் தேடினார்கள். அதன் கொக்கிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அடிச்சேற்றைப் புரட்டி எடுத்துவிடும். அவர்களுடைய தலைவர் ஒருமுறை, "ஆழமான பக்கமும் ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமா சார்?" என்று கேட்டார். "அங்க அவருக்கு வேலையே இல்லையே" என்றேன். நல்ல மனிதர், அதற்கு மேல் கேட்கவில்லை.

தங்கை தினமும் சாயங்காலம் அந்தக் கோரைப்புல் கரையில் போய் உட்கார்ந்தாள். தேடுவது நின்ற பிறகும் போனாள். நான் பிளாஸ்கில் டீ கொண்டு போய்க் கொடுப்பேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால், தூரத்தில், மிதவை தெரியும். ஒருநாள், "அண்ணா, இங்க தண்ணி இடுப்பளவுகூட இல்லையே. அவரை எப்படி முழுங்கும்?" என்றாள். "சேறும்மா, சேறு ஆளையே இழுத்துடும்" என்றேன். அவள் தலையாட்டினாள். எனக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடப் போட ஆரம்பித்தேன்.

குழு வந்தது. சேற்றை உறைய வைத்து எடுக்கும் பெட்டியைப் பள்ளத்தில் இறக்கினார்கள். எங்கே இறக்கலாம் என்று நான்தான் காட்டினேன், முக்காலிக்கு எதிர்ப்பக்கம். மேலே வந்த பலகையைத் துடைத்தபோது அத்தனை அடுக்கும் பிசிறில்லாமல் நின்றன. குழுவில் வயதான ஓர் அம்மா, இவ்வளவு சுத்தமான அடுக்கைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளையை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, எல்லோரும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பிறகு வாக்கெடுத்தார்கள். கோடு வேண்டாம் என்று முடிவாயிற்று. இவ்வளவு பெரிய விஷயம் ஒரே வருடத்தில், ஒரே இடத்தில் தொடங்கியதாகச் சொல்ல முடியாது, அது இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக வெகுகாலமாக நடந்துகொண்டே வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கிட்டத்தட்ட மாப்பிள்ளை சொன்னதுதான். அவர் இருந்திருந்தால் என்னைக் கிண்டல் செய்தே கொன்றிருப்பார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். அதன்பின் எழுந்து நடமாடினாலும் படுத்திருப்பது போலவே இருந்தது.

போன வாரம் தங்கை வந்தாள். அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனாளாம், கணவர் எந்த நாளிலிருந்து இல்லை என்று கேட்டார்களாம். நான் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "வீட்டை விட்டுக் கெளம்பின நாளைச் சொல்றதா, தேடறதை நிறுத்தின நாளைச் சொல்றதா? நான் போன மாசம் வரைக்கும் அவர் வருவார்னு கதவைத் தாழ் போடாமதான் படுத்தேன் அண்ணா. அப்போ அதுவரைக்கும் அவர் இருந்தார்னுதானே அர்த்தம்? எது எப்போ ஆரம்பிச்சுதுன்னு சொல்றதுதான் உன் வேலை. நீயே சொல்லு, நான் எப்போலேருந்து புருஷன் இல்லாதவ?"

நல்ல கேள்வி. குழுவில் யாரும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. என் துறைக் கேள்வி என்றதும் எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. நிச்சயமான அடையாளம் இல்லாத நாளை எடுக்கக் கூடாது என்றேன். எதிர்பார்ப்பு, சந்தேகம், இதெல்லாம் கணக்கில் வராது, கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற ஒரு மாற்றம் வேண்டும் என்றேன்.

"அப்படி என்ன இருக்கு?"

"கயிறு தளர்ந்தது" என்றேன்.

"எந்தக் கயிறு?" என்றாள்.

கோரைப்புல் மூலைக்குத் தனியாகப் போனவருக்குக் கயிறு கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் சரியான பதிலைச் சொல்லிவிட்ட பிறகு அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. முழுவதையும் சொன்னேன், இப்போது உங்களிடம் சொன்னதைப் போலவே. அவள் கத்தவில்லை. "இத்தனை நாளும் என்னை வேற தண்ணிக்கு முன்னால உக்கார வச்சிருந்தியா?" என்று மட்டும் கேட்டாள். டீயைத் தொட்டியில் கொட்டினாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள்.

அவரைச் சாகவிடுவது என்று எப்போது முடிவு செய்தேன் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தங்கையைக் கேட்டால், துணையில்லாமல் அவரை இறங்கச் சொன்னபோதே என்பாள். நீங்கள், தூக்குவதை நிறுத்தியபோது என்று எழுத விரும்புகிறீர்கள். கத்தியைத் திருப்பி வைத்ததையும் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், கயிறு தளரும் வரை அது வெறும் தாமதம். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே முடிவு என்று ஒன்றை நான் எடுக்கவே இல்லை. ஆனால் வாதாட எனக்குத் தெம்பில்லை. நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு அவரை எடுக்க ஆட்களை அனுப்புவதாகச் சொன்னீர்கள். அனுப்புங்கள், தங்கை காத்திருக்கிறாள். ஆனால் பள்ளத்தில் பாதாளக் கரண்டி மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். குழு என்றைக்காவது மறுபடியும் கூடும்.