டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பட்டன்

பழைய காரில் அலாரம் காரணமில்லாமல் அலறினால் முதலில் பானெட்டைத் திறந்து அதன் விளிம்பில் இருக்கும் சின்ன சுவிட்சைப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். தண்ணீர் இறங்கித் துருப்பிடித்துவிட்டால், யாரோ பானெட்டைத் திறக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிவிடும். பத்து வண்டிகளில் ஏழில் கோளாறு இவ்வளவுதான். உன் அப்பாவின் வண்டியிலும் முதல் நாள் அதைத்தான் பார்த்தேன்.

நீ போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். வண்டியை விற்பதற்கு முன் வேறொரு எலக்ட்ரீஷியனிடம் காட்டியதாகவும், அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு ஒரு பட்டனைக் காட்டியதாகவும் சொன்னாய். "இது எதுக்கு சித்தப்பா?" என்றாய். வேலையாக இருக்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. கடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். அவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். நான் பத்தாவதோடு நின்று கார்களுக்கு ஒயரிங் பார்க்கப் போனேன். மின்சாரத்தைப் பற்றி வருஷம் முழுக்கப் பாடம் நடத்துகிறவருக்கு வீட்டில் ஃபியூஸ் மாற்றத் தெரியாது என்று உன் அம்மா கேலி செய்வார். என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "தம்பி ஆட்டோமொபைல் துறையில இருக்கான்" என்பார் அண்ணன். துறையாம். என் கடையின் ஷட்டர்கூட ஒழுங்காக இறங்காது. ஒன்பது வருஷமாக அவர் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை இருந்தாலாவது சமாதானம் பேச ஒரு தடவை வந்திருப்பார்.

அந்த அலாரம்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து திட்டினாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "வாங்க டாக்டர், பேஷண்டைப் பாருங்க" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். பழைய டயர் மேல் அட்டையைப் போட்டு உட்கார்ந்து குடித்தார். பானெட் சுவிட்சை மாற்றினேன். அதன் பிறகு, எஞ்சினைப் பூட்டிவைக்கும் பெட்டியையும் கழற்றிப் பார்த்தேன். ரிமோட்டை அழுத்தினால்தான் அந்தப் பெட்டி பூட்டை விடும். அது ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற இடத்தில் ஒரு ஈயப் பற்று மயிரிழை அளவுக்கு விட்டிருந்தது. இன்றைக்கு ஒட்டும், நாளைக்கு ஒட்டாது. குளிரில் கட்டாயம் ஒட்டாது. சால்டரிங் கோலை ஒரு நொடி வைத்தால் தீர்ந்துவிடும். கோலும் சூடாகத்தான் இருந்தது.

அப்போது அவர் சொன்னார், "இங்க நல்லாத்தான்டா இருக்கு. வீட்டுல என்னை யாரு இப்படி சும்மா உட்கார விடுறாங்க?"

நான் பெட்டியை அப்படியே மூடினேன். கோலின் பிளக்கைப் பிடுங்கினேன். "எல்லாம் பார்த்துட்டேன். மறுபடி ஏதாவது பண்ணுச்சுன்னா கொண்டு வாங்க" என்றேன்.

மறுபடி பண்ணியது. நாலு மாதம் அநேகமாக எல்லா ஞாயிறும் வந்தார். நான் ஏதாவது ஒரு ஒயரைப் பிரித்து, மீட்டரை வைத்து, தலையை ஆட்டுவேன். அவர் பேசிக்கொண்டே இருப்பார். கல்லூரியில் யார் யாரைப் போட்டுக்கொடுத்தார்கள், நீ வேலைக்குப் போன ஊரில் சாப்பாடு சரியில்லை, உன் அம்மா குறட்டை விடுவதை ஒப்புக்கொள்வதே இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். வேறு யாரிடமாவது காட்டலாமே என்று உன் அம்மா கேட்டாராம். "தம்பி இருக்கும்போது வேற எவன்கிட்ட காட்டுறது?" என்று இவர் கேட்டாராம். அதை என்னிடமே வந்து சொன்னார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, உள்ளுக்குள் குத்தவும் செய்தது.

மூன்றாவது வாரம் எனக்கே பயம் வந்துதான் அந்தப் பட்டனை வைத்தேன். ரிமோட் கைவிட்டால், சாவியைத் திருப்பி, பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சைரன் அடங்கிவிடும், எஞ்சின் கிளம்பிவிடும். எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. இப்படி மறைவாக எதை வைத்தாலும் வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும், அவர் வீட்டில் இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். வண்டிக்காரரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. காட்டத்தான் கூப்பிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சுல்ல? அப்ப அடுத்த வாரம் வர வேண்டியதில்ல" என்றார். நான் சாவியை மட்டும் கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு உன் அம்மா போன் செய்தார். பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணனுக்கு நெஞ்சு வலிக்குதாம். வேர்த்துக் கொட்டுது. கார்ல உட்கார வெச்சுட்டேன், வண்டி கிளம்ப மாட்டேங்குது. என்ன பண்றது?"

"பதறாதீங்க அண்ணி. நான் வரேன்."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா?"

"அது எப்ப வருமோ. நான் பத்து நிமிஷத்துல வந்து எடுத்துத் தரேன். நீங்க எதையும் தொடாதீங்க."

ஸ்டியரிங்குக்குக் கீழே பட்டன் இருக்கிறது, அழுத்துங்கள். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால், இதைத் தெரிந்துகொண்டா நாலு மாதமாக எங்களை அலையவிட்டாய் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து சொல்லவில்லை.

ஸ்கூட்டரில் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் எதிர்வீட்டுக்காரர் தன் காரை எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். கொழுந்தன் வந்துகொண்டே இருக்கிறார் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறார். நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். உன் அம்மா பார்க்காதபடி தோளால் மறைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். எஞ்சின் கிளம்பியது. பின்சீட்டில் அண்ணன் சாம்பல் பூத்த முகத்தோடு சாய்ந்திருந்தார். "வந்துட்டியா. அப்ப சரி" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் நான் திரும்பிப் பார்த்தபோது அவரிடம் பேச்சு மூச்சில்லை. பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். உன் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நீ வந்து இறங்கியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா ஆஸ்பத்திரி வரைக்கும்கூட போயிருக்க முடியாது சித்தப்பா" என்று அழுதாய். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரிடமும் உன் அம்மா அதையே சொன்னார். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போலீசுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல். உன் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். பயத்தில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இவ்வளவு எழுதியும் இன்னும் உன்னிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறேன். போனில் சைரனுக்கு நடுவே உன் அப்பாவின் குரலும் கேட்டது. "அவனை வரச் சொல்லு, அவன் வந்தா சரியாயிடும்" என்றார். பட்டனைப் பற்றிச் சொல்லியிருந்தால் உன் அம்மாவே அழுத்தியிருப்பார், வண்டி போயிருக்கும், நான் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது பிடிக்கவில்லை. என் கையால்தான் ஆக வேண்டும் என்றிருந்தது. ஸ்கூட்டரில் வந்த அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.