சன்னல் வைத்த சமையலறை

ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் பொம்மைக் கற்களை அடுக்கிக் கட்டுவது வளர்ந்தோர்க்கு ஒவ்வாத விளையாட்டு எனக் கருதுவோர் பலர். அவர்கள் அறியும்பொருட்டு, ஓசூரிலிருந்து கெலமங்கலம் செல்லும் பேருந்தில் நான் செவிமடுத்ததைப் பதிவு செய்தல் கடமையாகிறது. முன்னிருக்கையில் தொழிற்சாலைச் சீருடையணிந்த இருவர் அமர்ந்திருந்தனர். இளையவர், மூத்தவரின் மனைவிக்குத் தம்பி என்பது பேச்சால் விளங்கிற்று.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க கட்டின வீட்டைப் பசை போட்டு ஒட்டிட்டேன்.”

“எதை, அந்தப் பொம்மைக் கல்லு வீட்டையா?”

“ஆமா. நம்ம கம்பெனி லைன்ல பார்ட்ஸ் ஒட்டற மாதிரியே பக்காவா ஒட்டினேன். ஜென்மத்துக்கும் பிரியாது.”

“அடப்பாவி! ஞாயித்துக்கிழமை அதைப் பிரிச்சு ரயில்வே ஸ்டேஷன் கட்டலாம்னு இருந்தேன். எங்கிட்ட இருக்கற கல்லே அவ்வளவுதான்டா!”

“அக்காதான் ஒட்டச் சொல்லிச்சு.”

“அவளா?”

“‘கோயில் கட்டினாரு, பிரிச்சாரு. பஸ் ஸ்டாண்டு கட்டினாரு, பிரிச்சாரு. வாடகை வீட்டு சமையல் ரூம்ல ஜன்னலே இல்ல. இதுலதான் எனக்குன்னு ஜன்னல் வெச்சிருக்காரு, பிரிக்க விடமாட்டேன்’னிச்சு.”

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பி அமர்ந்தார்.

“மொட்டை மாடியில குமிழு இருக்குமே, அதுலயும் பசை தடவிட்டியா?”

“இல்ல மாமா.”

“அப்ப சரி. புதுசா கல்லு வாங்கி மேல மாடி எடுப்போம். எந்தப் பக்கம் ஜன்னல் வேணும்னு உங்க அக்காவைக் கேட்டுச் சொல்லு.”

குமிழ் என்றது, அடுத்த கல் பொருந்துதற்குரிய மேற்புடைப்பை எனக் கொண்டேன். பிழையாயின் இக்கலை அறிந்தோர் திருத்துவாராக.